வெயிலில் வைத்த கிண்ணம்

என்னங்க, சோறு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி செருப்பு அலமாரிக்குள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

கண்காட்சிக்காரர் மத்தியானம் வருவார். நான் கடைந்த கிண்ணம் வராது, மரம் வெடித்துவிட்டது என்று சொல்லுங்கள். உங்கள் பேரை இழுக்க வேண்டாம்.

நாள் நெருங்குகிறதே, சீக்கிரம் காயட்டும் என்றுதான் பையிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தீர்கள். தெரியும். கடைந்த ஈரக் கிண்ணம், கடையும்போது உதிர்ந்த தன் மரச்சுருளுக்குள்ளேயே பையில் கிடந்து மெல்லக் காய வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒரு கடைசல், எண்ணெய்ப் பூச்சு, அவ்வளவுதான் பாக்கி இருந்தது. விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து கிடந்ததைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

அதற்காக, "இதுக்குக் காட்டுற அக்கறைய வயித்துல இருந்ததுக்குக் காட்டியிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினீர்களே. முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். விடிய விடிய மீதியை நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

எப்போது வருவாய் என்று போன் பண்ணாதீர்கள். 

உங்கள் மாத்திரை தண்ணீர்ச் செம்பு பக்கத்தில்.

பி.கு. பட்டறையில் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளந்த கிண்ணத்தை மறுபடி சுருளுக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறேன். இனி அது காய்ந்து என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் வெறும் தரையில் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.