உறவை மறைத்த வாய்

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் மோனிஷாவின் வணக்கம்.

ஜெர்மனியில் நான் சுகம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறினீர்களே, நைனாவின் முட்டிவலி குறைந்ததா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் என் ஆராய்ச்சியைப் பற்றி எல்லோர் முன்பும் பேசினேன். தேனீ வராத இடத்தில் வளரும் செடி, தன் மகரந்தத்தாலேயே விதை வைக்கப் பழகிவிடும். தலைமுறை போகப்போகப் பூ சிறுத்து, வாசனையும் குறையும். எந்த மரபணுக்கள் அதற்குக் காரணம் என்று தேடுவதுதான் என் வேலை.

பேசி முடித்ததும் கூட வேலை செய்யும் கிளாரா, "உங்கள் ஊரில் அக்கா மகளையே மாமன் கட்டிக்கொள்வாராமே, உன் வீட்டிலும் உண்டா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "எங்கள் வீட்டில் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

அன்று போனில் அம்மா, "இன்னாம்மா, கொரலு ஒரு மாதிரியா கீது?" என்றாள். சளி என்றேன். பின்னாலிருந்து நைனா, "மொளகு ரசம் வெச்சிக் குடிக்கச் சொல்லு லதா" என்றார். உங்கள் இருவரையும் மறைத்த வாய்க்கா ரசம்? கூசிப்போனேன்.

மறுநாள் கிளாராவிடம், அம்மா நைனாவின் அக்கா மகள்தான் என்ற உண்மையைச் சொன்னேன். "சரி" என்று டீ ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை.

உங்கள் கல்யாணப் போட்டோவை அனுப்புங்கள், என் மேசையில் வைக்கவேண்டும். தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். திட்டுவதானாலும் இருவரும் சேர்ந்தே போனில் வாருங்கள்.

உங்கள் மகள்,
மோனிஷா