ஒத்திகையில் தோற்றவன்

எடிசன், நியூ ஜெர்சி
செவ்வாய்க்கிழமை, மே 1997

அன்புத் தம்பி வேலுமணிக்கு,

அக்கா பவளம் எழுதுகிறேன். நான், உன் மாமா, தென்றல் மூன்று பேரும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் நீ பேசிய லட்சணத்திலேயே தெரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்க்கா, பரவாயில்லீங்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. அதனால்தான் இந்த ஃபேக்ஸ். ஓக் ட்ரீ ரோட்டில் டிராவல்ஸ் நடத்துகிற பட்டேலிடம் கொடுத்து, உங்கள் பிரச்சார பஸ் நிற்கிற ஹோட்டலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். யார் கையில் கிடைத்தாலும் எனக்குப் பயமில்லை. நம் தமிழ் எழுத்தைப் படிக்க அந்தக் கட்சியில் உன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்று இங்கே சி-ஸ்பான் சேனலில் உங்கள் நாட்டுத் தேர்தல் விவாதத்தை முழுசாகக் காட்டினார்கள். கனடாவில் தேர்தல் நடப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நாங்கள் மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமா இதற்காகவே ஆபீசில் சொல்லிவிட்டு முந்தின ரயிலைப் பிடித்து மன்ஹாட்டனிலிருந்து வந்துவிட்டார். என் தம்பி வேலை பார்க்கிற கட்சியின் தலைவர் பேசப்போகிறார் என்று பக்கத்து வீட்டு சாந்தாமணி ஆன்ட்டியைக் கூப்பிட்டு வேறு உட்கார வைத்திருந்தேன். பெருமை ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது எனக்கு!

ஆரம்பத்தில் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் அந்த எதிராளி ஆஸ்பத்திரி விஷயத்தை எடுத்தார். நீங்கள் மாகாண மந்திரியாக இருந்தபோது அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியை மூடினீர்களா இல்லையா, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று விரலை நீட்டிக் கேட்டார். உன் தலைவர் வாயைத் திறந்தார். எதிராளி குறுக்கே புகுந்து மறுபடி அதையே கேட்டார். அவ்வளவுதான், உன் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தைப் பார்க்கிறார், தண்ணீர் குடிக்கிறார், நிகழ்ச்சி நடத்துகிறவர் காப்பாற்றுவாரா என்று திரும்பிப் பார்க்கிறார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? அந்த அங்கிளை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள் என்று தென்றல் இங்கிலீஷில் கேட்டாள். சாந்தாமணி ஆன்ட்டி மெதுவாகத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும்தானே? வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தீர்கள். எதிராளி வேஷம் கட்டியதே நீதான். எதிராளியின் பேச்செல்லாம் வேலுமணிக்குத்தான் மனப்பாடம் என்று பிரச்சாரத்தை நடத்துகிற கேரன் அம்மா உன்னைத் தேர்ந்தெடுத்தபோது நீ எவ்வளவு குதித்தாய்! அப்புறம் போன் பண்ணும்போதெல்லாம், "இன்னைக்கும் சார் என்னை அடிச்சுத் துவைச்சுட்டாருங்க்கா" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நானும் பைத்தியக்காரி மாதிரி கூடச் சிரித்தேன்.

டி.வி.யை அணைத்ததும் மாமா ஒரு வார்த்தை சொன்னார். "அந்த மனுசனைச் சொல்லிக் குத்தமில்ல. உன்ற தம்பி விட்டுக்குடுத்திருக்கான்." எனக்குச் சுருக்கென்றது. அவரோடு சண்டைக்குப் போனேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தால், நீ அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டிருப்பாய் என்று என் காதிலேயே கேட்கிறது. "சார், அந்த ஆஸ்பத்திரி விசயத்துல உங்களுக்கும் சங்கடமா இருந்திருக்குமுங்க, அதைப் பத்திக் கொஞ்சம்..." என்று இழுத்திருப்பாய். நீ இங்கிலீஷ் பேசினாலும் அதில் ஒரு "ங்க" இருக்குமே! அவர் நிதானமாகப் பதில் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டிருப்பாய். பிறகு தோற்றுப்போய் அவருக்குக் காபி எடுத்துக் கொடுத்திருப்பாய். இல்லை என்று சொல், பார்க்கலாம்.

உன் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. பனியில் வேலை தேடி அலைந்த உன்னைக் கூப்பிட்டுத் தன் ஆபீசில் உட்கார வைத்தவர் அவர். அப்பா போனபோது, சட்டசபை வேலையை விட்டுவிட்டுத் தானே காரை ஓட்டி உன்னை ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டவர். அவரை எதிரில் நின்று குற்றவாளி மாதிரி விசாரிக்க உனக்கு நாக்கு வரவில்லை. எனக்கும் வந்திருக்காது. ஆனால் சாமி, மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ அவரை அடிவாங்கத்தான் அனுப்பியிருக்கிறாய். அந்த அடி எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போய் நின்றார் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விவாதம் இருக்கிறதாமே. அதற்குள் ஒரு ஒத்திகையாவது உருப்படியாக நடத்து. கத்து. குறுக்கே பேசு. விரலை நீட்டு. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும். உனக்குச் சோறு போட இங்கே ஆள் இருக்கிறது. சாப்பிடாமல் அலையாதே. கோயம்புத்தூரிலிருந்து அம்மா பேசினாள், வேலுமணி கட்சி ஜெயித்துவிட்டதா என்று கேட்கிறாள். தேர்தலே இன்னும் நடக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

உனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்ல முரட்டு வாயைக் கொடுக்கும்படி முருகனிடம் கேட்டுக்கொண்டு,

உன் அக்கா
பவளம்

*

எடிசன், நியூ ஜெர்சி
வியாழக்கிழமை, ஜூன் 1997

அன்புத் தம்பி வேலுமணிக்கு,

இன்று காலை நீ போனில் அழுததை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தேர்தல் முடிந்து மூன்று நாளாகியும் நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது குரலிலேயே தெரிகிறது. போனில் உன்னிடம் கோபமாகப் பேச வாய் வரவில்லை. பேனாவில் எனக்கு அந்தச் சங்கடம் கிடையாது. இதையும் பட்டேலிடம் கொடுத்து இன்றே ஃபேக்ஸ் பண்ணச் சொல்கிறேன்.

நீ சொன்னதை எல்லாம் முதலில் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். என் ஃபேக்ஸ் கிடைத்த பிறகு வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நீ நிஜமாகவே கத்தியிருக்கிறாய். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டு, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே வெட்டியிருக்கிறாய். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லாம் உன்னைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நான்தானே தூண்டிவிட்டேன்.

அப்புறம் அவர் திரும்பி வந்து, எல்லாரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராமே. நீ இத்தனை நாளும் விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியும், வேலு, ஜெயித்துக்கொண்டே இருப்பது சுகமாக இருந்தது, அதனால் நானும் கேட்கவில்லை என்று. எப்பேர்ப்பட்ட மனிதர் தம்பி! பிறகு உன்னை மறுபடி மறுபடி கேட்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அதே கேள்வி வந்தபோது, ஆமாம், நான்தான் மூடினேன், அந்த ஊர் ஜனங்கள் முன்னால் போய் நின்று அதைச் சொல்லாதது என் தப்பு என்று நிமிர்ந்து சொன்னார். மாமா சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினார். நான் என் தம்பி, என் தம்பி என்று தென்றலைத் தூக்கிச் சுற்றினேன்.

ஆனால் முதல் விவாதத்தில் அவர் தண்ணீர் குடித்ததைத்தான் உங்கள் ஊர் டி.வி.க்காரர்கள் கடைசி நாள்வரை திரும்பத் திரும்பப் போட்டார்களாம். கட்சிக்கு இருந்த இடங்களில் பாதி போய்விட்டது. போனது போகட்டும், தோல்வி எல்லாக் கட்சிக்கும் வருகிறதுதான். என் அடிவயிறு எரிவது அதற்காக இல்லை.

அவர் ஒத்திகைக்கே வரவில்லை, சோம்பேறி, கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார் என்று பத்திரிகையில் யாரோ எழுத வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அந்த நாற்காலிமேல் கண் வைத்திருக்கிற துணைத் தலைவரின் ஆட்கள்தான் என்று நீயே சொல்கிறாய். சனிக்கிழமை ஒட்டாவாவில் நிர்வாகிகள் கூட்டம். அதில் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்போகிறார்கள். ஒத்திகை அறையில் இருந்தவன் நீ, அவர் அக்கறையே காட்டவில்லை என்று எழுந்து சொல், அடுத்த தலைவரிடம் உனக்கு நல்ல இடம் உண்டு என்று உன்னிடமே வந்து கேட்டிருக்கிறார்கள். நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். அந்த மட்டில் சந்தோஷம்.

ஆனால் அதற்கு மேல் நீ சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நான் எந்தப் பக்கமும் பேசலீங்க்கா. வெள்ளிக்கிழமை ஃபிளைட் புடிச்சு நியூவார்க் வந்துர்றேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாய். அவருக்குத் தெரியும் வேலுமணி. ஊருக்குத் தெரியாதே! நாள் தவறாமல் வந்து உட்கார்ந்த மனிதரைச் சோம்பேறி என்கிறார்கள். அவர் வாயைத் திறந்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒத்திகையில் எனக்கு எதிராளியாக நின்ற பையன் என்னை வேண்டுமென்றே ஜெயிக்க விட்டான் என்று சொன்னால் போதும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அப்புறம் உன்னை எந்தக் கட்சியிலும் எந்த ஆபீசிலும் சேர்க்கமாட்டார்கள் என்றுதான் சொல்லவில்லை. அறுபது வயசுக்கு மேல், தன் பேர் நாறினாலும் பரவாயில்லை என்று உன்னை மறைத்துக்கொண்டு நிற்கிறார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே பெட்டியைக் கட்டுகிறாய்.

பூசி மெழுகாமல் கேட்கிறேன். ஒத்திகையில் வாயை மூடிக்கொண்டு அவரைக் கவிழ்த்தாய். இப்போது கூட்டத்திலும் வாயை மூடிக்கொள்ளப்போகிறாயா? இதற்கும் மரியாதை என்றுதான் பேர் வைப்பாயா?

இதை எழுதுகிற எனக்கு மட்டும் பயமில்லை என்று நினைக்காதே. சனிக்கிழமை நீ எழுந்து நின்று உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும். துணைத் தலைவரின் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். பத்திரிகையில் உன் போட்டோ வரும், கேலி பண்ணுவார்கள். அவரையும் அநேகமாக இறக்கத்தான் செய்வார்கள். உன் பேச்சால் அது நிற்காது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இறங்கிப் போகிறபோது அந்த மனிதர் சோம்பேறி என்ற பேரோடு போகக்கூடாது. அதைத் தடுக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது என் தம்பி என்பதுதான் என் கஷ்டம்.

மாமா, அவனை விடு, சின்னப் பையன், வந்து நம்மோடு இருக்கட்டும் என்கிறார். இருபத்தொன்பது வயசு ஆளைச் சின்னப் பையன் என்கிறார்! மேல் அறையைக் காலி பண்ணி, தென்றலின் பொம்மையெல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. படுக்கைக்கு விரிப்பும் மாற்றிவிட்டேன். என்னையும் நீ தப்பாக நினைக்காதே.

ஆகையால் இதுதான் என் முடிவு. வெள்ளிக்கிழமை வராதே. ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை பேசிவிட்டு வா. பேசிவிட்டு வந்தால் வேலையில்லாமல், கேலிப்பட்டு, வெறும் கையோடு வந்தாலும் ஏர்போர்ட்டில் நானே வந்து நிற்பேன்.

பேசாமல் வெள்ளிக்கிழமையே வந்தாலும் கதவைத் திறப்பேன். நீ என் தம்பி, திறக்காமல் என்ன செய்வேன்? சோறு போடுவேன், ரசம் ஊற்றுவேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. ஆனால் நீ சாப்பிடும்போது நான் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன் வேலுமணி. பார்க்க வேண்டும் என்று ஆசைதான். என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை எந்த ஃபிளைட் என்று மட்டும் சொல், சாமி. வேறு எதுவும் நான் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருக்கப்போகிற

உன் அக்கா
பவளம்