மதன் இடிக்கவில்லை

ஏப்ரல் 4, வெள்ளி

காலையிலிருந்து தூறல். லண்டன் பார்க்கிங் பகுதிக் கராஜில் தனியே. ரேஸ் காரின் முன் பம்பர் வெல்டிங் முடிந்தது. மிச்சம்: இடது டயர், பிறேக் ஒயில், ஹெல்மெட் கண்ணாடி. முந்தி டீமில் இரண்டு கார், ஆறு பேர். இப்போது ஓனர் நான், டிரைவர் நான், தேத்தண்ணி ஊற்றுகிறவனும் நான்.

மதன் மாசியில் தன் காரை ஏற்றிக்கொண்டு போய்த் தனி டீம் தொடங்கிவிட்டான். என் மனைவி வசந்தியின் தம்பி. "அத்தான், நீங்கள் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோ" என்றான். இருபது வருடமாக ட்ராக்கில் இடிபட்டவனுக்கு ரெஸ்டாம்.

வசந்தி செத்த பிறகு எல்லோரும் இப்படித்தான். செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடையில் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள். மல்லித்தூள் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர்காற்று. மூன்றாம் இடம். கப் தந்தார்கள். வேண்டாத கப்.

கடைசிச் சுற்றில் மதன் எனக்குப் பின்னால். ஸ்டொக் கார் ரேஸில் முன்னால் போகிறவனைப் பம்பரால் தட்டி ஒதுக்கிவிட்டுப் போவதுதான் முறை. அதற்குத்தான் அவ்வளவு இரும்பு. என் டீமில் ஓடியபோது பயிற்சியில்கூட என்னைச் சுவரில் சாத்தியவன். இன்றைக்கு நல்ல சந்தர்ப்பம். இடிக்கவில்லை. பிறேக் பிடித்தான். கண்ணாடியில் பார்த்தேன்.

காரை இழுத்து வந்த வானுக்குள் ஏறி இருந்து அழுதேன். மூன்றாவதாக வந்ததற்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பால், பாண், மல்லித்தூள். கரண்ட் பில் கட்டியாயிற்று. பின்னேரம் மதனுக்கு போன்.

"ஏனடா இடிக்கேல்லை?"

"விடுங்கோ அத்தான்."

"கேக்கிறனெல்லே."

"உங்களை எப்பிடி இடிக்கிறது, இந்த நிலைமையில?"

"எந்த நிலைமை?"

"சாப்பிட்டீங்களே?" என்றான். ஓம் என்றேன். சாப்பிடவில்லை.

ஊர் முழுக்க என்னைச் சுற்றி விலகிப் போகட்டும், பரவாயில்லை. இவனும் அப்படியென்றால் லண்டனில் எனக்கென்று ஒருத்தரும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மப்பு வானம். மழை வரவில்லை. இரண்டாம் சுற்றில் மதன் எனக்கு முன்னால். யோசிக்கவில்லை. பின் பம்பரில் ஒரு சாத்து. நேரே வேலியில் போய்ச் செருகினான். ஆளுக்கு ஒன்றுமில்லை, முன் அச்சு வளைந்துவிட்டது. நான் எட்டாவது.

ரேஸ் முடிய, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் வானடிக்கு வந்தான்.

"உமக்கென்ன விசரே? புது அச்சு. போன கிழமைதான் போட்டனான். அக்கா இருந்திருந்தா உம்மை இண்டைக்கு வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா. சோறும் போட்டிருக்க மாட்டா."

பக்கத்து டீம்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்தவீட்டுக்குப் பிறகு என் முன்னால் ஒருத்தரும் அவளைப் பற்றி வாய் திறந்ததில்லை. இவன்கூட.

"இன்னொருக்காச் சொல்லடா" என்றேன்.