கணவாய் வீட்டு மொடம்

செவ்வாய். விடாத மழை.
கணவாய் உயிரோடு இருக்கிறார், அதுவும் இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில், என் மெசேஜுக்குப் பதில் போட்டிருக்கிறார், வரச் சொல்லியிருக்கிறார்!!!
டெலிபோன் வயரில் மொடம் கீச்சிட்டு இன்டர்நெட் வந்த காலத்திலேயே தமிழில் ஹேக்கிங் பாடம் எழுதியவர். நான் படித்ததே அந்தப் பாடங்களில்தான். 'கணவாய்' பட்டப்பெயர். சொந்தப் பெயர், முகம் யாருக்கும் தெரியாது. எங்கள் ஹேக்கிங் குரூப்பில் பாதிப்பேர் ஆண் என்றே அடித்துச் சொல்வார்கள்.
அம்மாவுக்குச் சொல்ல: பம்பலப்பிட்டியில் கிளாஸ்.
கொண்டுபோக: பிஸ்கட், குடை.

வியாழன். வெயில்.
வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ். கதவைத் திறந்தவர் நைட்டியில், கையில் மீன் செதில்.
"நீயா பிள்ளை? தாடி வச்ச பெடியன் ஒருத்தன் வருவான் எண்டு நினைச்சன்."
"நானும் உங்களை அப்பிடித்தான் நினைச்சன் அன்டி."
விழுந்து விழுந்து சிரித்தார். பெயர் சொன்னார். இங்கேயும் எழுதமாட்டேன்.
அவர் பாடம் எழுதியது சண்டைக் காலம். தமிழ்ப் பெண், கம்ப்யூட்டர், டெலிபோன் வயர், எல்லாம் ஒரே அறையில். பொலிஸ் கூட்டிக்கொண்டு போனதாம்.
"கூட்டாளிமாரின்ர பேரைக் கேட்டாங்கள். எனக்குப் பட்டப்பேர் மட்டும்தான் தெரியும். அதாலதான் அவையள் தப்பினவையள்."
கூட்டாளிமாரோடு பேசிய அந்தக்கால உரையாடல் முழுக்க ஒரு பெட்டி டிஸ்க்கில். அடுத்த கிழமை எனக்குத் தருவாராம். எனக்கு!
"இந்தப் பழைய மொடத்தைப் படம் எடு. நானும் வீடும் தெரியக் கூடாது."
மொடம் மட்டும் எடுத்தேன். பஸ்ஸிலேயே 'கணவாயின் மொடம்' என்று குரூப்பில் போட்டேன்.

வெள்ளி. புழுக்கம்.
தரம் குறையக் கூடாதென்று படத்தை அப்படியே ஒரிஜினல் ஃபைலாக அனுப்பியிருக்கிறேன். எடுத்த இடத்தின் லொகேஷனும் அந்த ஃபைலுக்குள்ளேயே போயிருக்கிறது.
ஒருவன் மேப்பே போட்டுவிட்டான். "மச்சான், கணவாய்ட வீடு! நாளைக்குப் போய் செல்ஃபி அடிப்பமா?"
அழித்தேன். அதற்குள் எல்லோர் ஃபோனிலும் இறங்கிவிட்டது.
அவருடைய முதல் பாடம், முதல் வரி: எதையும் அனுப்ப முன் தடத்தை அழி. மனப்பாடம் எனக்கு.

சனி.
காலை 10.20, அவரிடமிருந்து: "பெடியள் கதவைத் தட்டுறாங்கள். நீ சொன்னனியா?"
ஓம் என்று எழுதினேன். எல்லாம் எழுதினேன்.
11.05: "டிஸ்க் எல்லாத்தையும் உடைச்சிட்டன். அதில மற்றவையும் இருக்கினம். உன்னில கோவமில்லை பிள்ளை."
பிறகு அக்கவுண்டே இல்லை.

ஞாயிறு. தூறல்.
கொட்டாஞ்சேனை. கதவில் பூட்டு.
கீழ்வீட்டு அம்மா: "தங்கச்சி வீட்ட போறன் எண்டு சொல்லிட்டுப் போனவ. எங்க எண்டு சொல்லேல்ல. நேத்து முழுக்க ஆரோ பெடியள் வந்து ஒரே கரைச்சல்."
குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.
பஸ்ஸில் குரூப்புக்கு எழுதினேன்: படம், மேப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழியுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். பிழை என்னுடையது. அழித்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.
வெள்ளவத்தை வரும்வரை ஒரேயொரு பதில்: "லொகேஷனைத் திருப்பிப் போடுங்கோவன், நான் மிஸ் பண்ணிட்டன்."