மாதா வந்த அன்று எண்ணப்பட்ட பன்னிரண்டு கதிரைகள்

அனுப்புநர்:
திருமதி பெற்றிசியா அருட்பிரகாசம்,
தற்காலிகக் கொட்டில் இல. 27,
தரவைக் குடியிருப்பு,
மன்னார்த் தீவு.

பெறுநர்:
மேன்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மீள்குடியேறியோர் வீட்டுத்திட்டம்,
மன்னார்.

விடயம்: "வசதியான வீடு உண்டு" என்ற தவறான குறிப்பினால் வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து எமது குடும்பத்தின் பெயர் நீக்கப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இவ்விடயமாக நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மேன்முறையீட்டுக்கு இம்மாதம் 30ஆம் திகதியே கடைசி நாள் என்பதால், களைத்துப் போயிருந்தாலும் மறுபடி எழுதுகிறேன்.

2. நான் தமிழ்நாட்டில், தங்கச்சிமடத்தில் பிறந்தவள். மண்டபம் முகாமில் அகதியாக இருந்த அருட்பிரகாசத்தை மணந்து, 2012ஆம் ஆண்டு அவருடனும் மகள் மெறீனாவுடனும் இங்கு வந்தேன். அவர்கள் இருவரும் இலங்கைப் பிரஜைகள். நான் வருடாவருடம் வீசா புதுப்பித்து இருக்கிறேன். வீட்டு விண்ணப்பம் கணவரின் பெயரிலேயே உள்ளது. அவர் இப்பருவத்தில் கற்பிட்டிப் பக்கம் வாடியில் மீன்பிடித் தொழிலுக்கு நிற்பதால், அவரது சம்மதக் கடிதத்துடன் நான் எழுதுகிறேன்.

3. எங்கள் கொட்டில் நான்கு பக்கமும் தகரம், மேலே தறப்பாள். ஆறு மாதத்துக்கென்று தந்தார்கள். மூன்று வருடமாகிறது. பகலில் உள்ளே நிற்க முடியாது, மழைக்கு உள்ளே படுக்க முடியாது. மெறீனாவுக்கு இழுப்பு வருத்தம். இந்த மாரியில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கல்வீடு ஒன்றை நான் ஆசைக்காகக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளையின் மூச்சுக்காகக் கேட்கிறேன்.

4. கடந்த ஒக்ரோபர் 14ஆம் திகதி, புதன்கிழமை, மாலை நான்கு மணியளவில் தங்கள் திட்டத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து பார்வையிட்டார். வருவதாக முன்னறிவித்தல் ஏதுமில்லை. அன்று எங்கள் வீட்டில் மாதா இருந்தார்.

5. இதைச் சற்று விளக்க வேண்டும். ஒக்ரோபர் செபமாலை மாதம். எங்கள் குடியிருப்பில் மாதாவின் திருச்சுருபம் வீடு வீடாக வரும். ஒரு நாள் ஒரு வீட்டில் தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டுக்கு அயலெல்லாம் பொருள் கொண்டுவரும். யாரும் கேட்டு வாங்குவதில்லை, தாமாகவே கொண்டுவந்து வைப்பார்கள். முந்திய மூன்று வருடமும் சுருபம் எங்கள் வாசலைக் கடந்துதான் போனது. அதற்காக எவரையும் குறை கூறவில்லை. கொட்டில் சிறியது, நானும் "இந்தியாக்காரி". இந்த வருடந்தான் முதன்முதலாக என் வீட்டையும் வரிசையில் சேர்த்தார்கள். அன்று காலையிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

6. உத்தியோகத்தர் தமது படிவத்தில் எழுதியவையும் அவற்றின் உரிமையாளர்களும் வருமாறு:
பிளாஸ்ரிக் கதிரைகள் பன்னிரண்டு: பக்கத்து வளவு நசீறாவுடையவை. அவர் எருக்கலம்பிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். மகளின் கலியாணத்துக்கு வாங்கிய கதிரைகள். முஸ்லிமான தமக்கு இது சமய விசேஷம் இல்லாவிட்டாலும் விடிய முதல் ஆளாகக் கொண்டுவந்தவர் அவரே.
மின்விசிறி, இரண்டு மின்குமிழ்: எதிர்வீட்டு மாக்கிறட் அக்காவுடையவை. அவர் வீட்டிலிருந்தே வயர் இழுத்தது. எங்களுக்கு மின்சாரம் இல்லை.
கண்ணாடி அலுமாரி: மாக்கிறட் அக்காவுடையது. சுருபத்தை வைப்பதற்காக நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.
திரைச்சீலை: அது என்னுடையது. கலியாணச் சேலையைக் கிழித்துத் தைத்தேன்.
வாசலில் மல்லிகை: அதுவும் என்னுடையது. பழைய பெயின்ற் வாளியில் நிற்கிறது.
பன்னிரண்டு கதிரைகளையும் எண்ணியவர், மேலே நிமிர்ந்து தறப்பாளைப் பார்க்கவில்லை. அதையும் அன்று வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தோம்.

7. இனி எழுதப்போவது என் பிழை. புறப்படும்போது உத்தியோகத்தர், "நல்ல வசதியாத்தான் இருக்கிறியள். எல்லாம் உங்கடை சாமான்தானோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். ஐயா, மாக்கிறட் அக்காவும் நசீறாவும் பக்கத்தில் நின்றார்கள். மாதா முன்னால் இருந்தார். அந்த நேரத்தில் இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நாட்டில் என் வீட்டைப் பார்த்து வசதி என்று ஒருவர் சொன்னதும் அதுவே முதல் தடவை. அந்த ஒரு நாள் அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை சுருபம் அடுத்த வீட்டுக்குப் போனது, பின்னாலேயே கதிரைகளும் போயின.

8. நவம்பர் 9ஆம் திகதி திட்டக் கந்தோரின் விளம்பரப் பலகையில் ஒட்டிய பட்டியலில் எங்கள் பெயர் வெட்டப்பட்டிருந்தது. கந்தோரில் விசாரித்தபோது ஓர் எழுதுவினைஞர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: "திரையைக் கழட்டுங்கோ, பூக்கண்டை எடுங்கோ, வீட்டைக் கொஞ்சம் அலங்கோலமாப் போட்டுட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து திரையில் கையையும் வைத்தேன். மெறீனா ஏன் கழட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.  விட்டுவிட்டேன்.

9. அயலவர்கள் தத்தம் பொருள்களை உறுதிப்படுத்தி ஒப்பமிட்ட தாளை இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் பன்னிரண்டு கதிரைகளையும் கந்தோருக்கே கொண்டுவந்து காட்டுவதாக நசீறா தன் ஒப்பத்தின் கீழ் எழுதியுள்ளார். அவர் சொன்னால் செய்வார்.

10. ஆகவே, எமது பெயரை மீண்டும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்வையிடுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். மழை பெய்யும் நாளாக இருந்தால் நல்லது. தாங்கள் வரும்போதும் நிலம் கூட்டியிருக்கும், திரை தொங்கும், வாளியில் மல்லிகை நிற்கும். அவற்றை என்னால் மாற்ற முடியாது, அவற்றை மட்டும் வசதி என்று எழுதிவிட வேண்டாம். கதிரை ஒன்றுதான் இருக்கும். அது என்னுடையது. ஒழுக்கு இல்லாத மூலையில் போட்டுத் தருகிறேன், தாங்கள் இருந்து எழுதலாம்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பெற்றிசியா அருட்பிரகாசம்

இடம்: தரவைக் குடியிருப்பு, மன்னார்
திகதி: 23.11.2015

இணைப்பு: கணவரின் சம்மதக் கடிதம், அயலவர் ஒப்பமிட்ட தாள், மகளின் ஆஸ்பத்திரித் துண்டு இரண்டு.