பைப்புக்குள் சப்பாத்தி

ஜூலை 2, செவ்வாய்
இன்று ஒட்டிய மூன்று ஜாயிண்ட்டும் வெளியே பளபள. உள்ளே, ஒட்டின் அடிப்பக்கமான ரூட்டில், கருகிய ரவை போலக் கரகரப்பு. ஜித்ராவில் கட்டும் சோயா பால் தொழிற்சாலைக்கு ஸ்டெயின்லெஸ் பைப் வேலை. அந்தக் கரகரப்பில் பால் தங்கினால் நாறிவிடும். பைப்புக்குள் ஆர்கான் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே ஒட்ட வேண்டும். முதலாளி மெய்யப்பன் அண்ணனுக்கு அது வீண்செலவு. "வெளிய அழகா இருக்குல்ல தம்பி, உள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?"

பைப்புக்குள் விட்ட சோதனைக் கேமரா பார்த்தது. சோதனை அதிகாரி சாந்தினி ஞாயிறன்று மறுபடி வருவார். அப்போதும் கறுத்திருந்தால் வேறு வெல்டராம். பத்து வருடம் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் ஒட்டியவனுக்கு இப்போதுதான் ஸ்டெயின்லெஸ் கிடைத்திருக்கிறது. விடமாட்டேன்.

ஜூலை 3
பைப் நீளம், இருக்கும் ஆர்கான் சிலிண்டரோ குட்டி. ஜாயிண்ட்டுக்கு இருபுறமும் அடைத்தால் கொஞ்சம் ஆர்கானே போதும். அதற்கென்றே தண்ணீரில் கரையும் காகிதம் விற்கிறது. கேட்டேன். அண்ணன் காதில் விழாதது போலத் தே தாரிக் டீயைக் குடித்தார்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மனைவி உமா சுட்ட சப்பாத்தி. வட்டம். பைப்பும் வட்டம் — எனக்கென்ன பைத்தியமா?

ஜூலை 4
பைத்தியம்தான். சப்பாத்தி பைப்பைக் கச்சிதமாக அடைத்தது. ஆனால் ரூட் நீலமாகிவிட்டது. சூடான சப்பாத்தியின் ஈரம்தான் காரணம்.

ஜூலை 5, வெள்ளி
இங்கே வெள்ளிதான் வார லீவு. எண்ணெய் விடாமல் சுட்டு, காயவைத்துத் தரச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "எங்கம்மா அப்பவே சொன்னாங்க" என்றாள் உமா. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு
பளிச்! ரூட் முழுக்க வெள்ளி நிறம்! சாந்தினி திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கேமரா இன்னும் உள்ளே போய் நின்றது. வெந்நீர் விட்டு அடைப்பைக் கரைக்க மறந்துவிட்டேன்.

"குணாளன், இது என்ன லா?"

"சப்பாத்தி, மேடம்."

மெய்யப்பன் அண்ணன் அது தன் யோசனை என்று ஆரம்பித்தார். சாந்தினியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் யோசனை ஆக்கிவிட்டார்.

ஜூலை 9
பாஸ்! ஆனால் ஒரு நிபந்தனை. எல்லா ஜாயிண்ட்டும் இதே போல வர வேண்டும். எனவே சப்பாத்தியும் ஒரே தடிமன், ஒரே உலர்வு, தேய்ப்பதும் கடைசிவரை ஒரே ஆள் கை.

உமா முடியாது என்றுவிட்டாள். பைப்புக்குச் சமைக்க அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையாம். அண்ணன் தேய்த்தது பாலிங் மலை ரோடு போல வளைந்தது. நான் தேய்த்தேன். சாந்தினி அளந்து பார்த்துத் தலையாட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, இந்த முட்டாளுக்கு.

ஜூலை 14
நாளெல்லாம் மாவும் அடுப்பும். ஒட்டுவது எப்போது என்று அண்ணனிடம் கேட்டேன்.

"வெல்டர் எங்கயும் கெடைப்பான் தம்பி. இந்தக் கை கெடைக்குமா?"

வெல்டிங் டார்ச்சைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த உருண்டையைத் தேய்த்தேன்.

ஜூலை 21
அலோர் ஸ்டாரிலிருந்து புது வெல்டர் காளிதாசன் வந்துவிட்டான். அவன் கையில் என் டார்ச், முகத்தில் என் முகமூடி. அவன் ஒட்டிய ரூட்டைக் கேமராவில் பார்த்தேன். அழகுதான், சனியன். மத்தியானம் சமையல் கொட்டகைக்குள் தலையை நீட்டி, "அண்ணே, இன்னும் நாலு" என்றான்.

மாவு பிசைந்தேன்.