கடையில் தொங்கும் முகம்

மொனெசன், பென்சில்வேனியா
1 நவம்பர் 1999

அன்புள்ள பேரன் டேமியனுக்கு,

பாட்டி லுட்மிலா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். காது மந்தமானபிறகு டெலிபோனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. நீயும் எழுதியே பதில் சொல்.

நேற்று ஹாலோவீன். பேய்வேஷம் போட்டு வரும் பிள்ளைகளுக்காக மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறந்தேன். படியில் மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் என் முகம். என் மூக்கு, என் புருவத்து வெட்டு. வாய் மட்டும் காதுவரை கிழிந்திருந்தது. செத்துக் கிடக்கும் என்னை நானே பார்ப்பதுபோல் இருந்தது. கிண்ணம் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஒரு பயல் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்த்தான். "டேய், இந்தக் கிழவி இன்னும் கழட்டலடா!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

கறிக்கடை ஓல்காதான் விவரம் சொன்னாள். "உங்க பேரன் எடுத்த பேய்ப்படத்துல வர்ற மூஞ்சி. கடை கடையா தொங்குது. நல்லா பொருந்தி வந்திருக்கீங்க" என்றாள். என் மகன் கல்யாணத்தில் கறி வேகவில்லை என்று சொன்னவள் அவள். சிரிக்கக் கிடைத்தால் விடுவாளா?

கல்லூரியில் படிக்கும்போது என் சமையலறையில் என்னை உட்காரவைத்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகத்தில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்தாய். "பரீட்சைக்குப் பாட்டி, வாத்தியாரைத் தவிர யாரும் பாக்கமாட்டாங்க" என்றாய். அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

டெஸாவைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வா. கொள்ளுப்பேத்தியைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான்.

உன் பாட்டி
லுட்மிலா


லாஸ் ஏஞ்சல்ஸ்
20 நவம்பர் 1999

அன்புப் பாட்டிக்கு,

கோபப்படாதீர்கள். முதல் படம், கையில் ஒன்றும் இல்லை. பேய்க்கு ஆள் பிடித்து அச்செடுக்க வழியில்லாமல், பரணில் கிடந்த உங்கள் அச்சில் ரப்பரை ஊற்றினேன். இவ்வளவு ஓடும் என்று யார் கண்டார்கள்? இப்போது அந்த முகம் கம்பெனியுடையது. கடையிலிருந்து எடுக்கச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். அதை முடித்துக் கொடுத்தால் சூப்பர் ஹீரோ படம் தருவார்கள். போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு உங்கள் கொட்டகைக் கூரையிலிருந்து குதித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் ஆசை.

கிறிஸ்துமஸுக்கு முடியாது. ஈஸ்டருக்கு டெஸாவையும் அவள் அம்மா மெரிடித்தையும் அழைத்து வருகிறேன்.

உங்கள் டேமியன்


மொனெசன்
25 ஏப்ரல் 2000

டேமியனுக்கு,

நீங்கள் போனபிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஈஸ்டர் ரொட்டியும் பன்றித்தொடையும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

குழந்தை காரைவிட்டு இறங்கவே இல்லையே! கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும், "அம்மா, அவ வந்துட்டா! பூட்டும்மா, பூட்டு!" என்று அலறி, உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். நான் ஏப்ரனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படியில் நின்றேன். என் புருஷனைப் புதைத்த அன்றுகூட ஊருக்கு முன்னால் முகத்தை மூடியவள் இல்லை நான். "பாட்டிடா கண்ணு, நிஜப் பாட்டி" என்று மெரிடித் கெஞ்சினாள். நீ சிரித்தாய். "விடுங்க பாட்டி, பழகிடுவா. என் பட்டறையில மாட்டியிருக்கிற முகமூடியப் பாத்துட்டா, அவ்வளவுதான்" என்றாய். அந்தச் சிரிப்பை ஓல்கா சொன்ன வேகாத கறிக்குப் பக்கத்தில் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

எனக்கு எண்பத்திரண்டு. இன்னொரு படத்திலும் இந்த முகம் வந்தால், அவள் பயம் தெளிவதற்குள் நான் போய்விடுவேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. அந்தப் படத்திலிருந்து என்னை எடுத்துவிடு.

லுட்மிலா


லாஸ் ஏஞ்சல்ஸ்
9 செப்டம்பர் 2000

அன்புப் பாட்டிக்கு,

உங்களுக்காகச் சண்டை போட்டேன். "அந்த மூஞ்சிதாம்பா டிக்கெட் விக்குது" என்றார் தயாரிப்பாளர். கடைசியில் கதையை மாற்றினேன். முதல் காட்சியிலேயே அந்த முகம் எரிந்துபோகும். பேய் இன்னொருவன் உடம்பில் ஏறிக்கொள்ளும். புது முகமூடி விற்கலாம் என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

புதிதாக ஒரு முகம் வேண்டுமே. நாளைக்கு வந்து யாரும் அழக்கூடாது என்று அச்செடுக்க நானே உட்கார்ந்துவிட்டேன். மாவுக்கட்டுக்குள்ளே ஒரே இருட்டு, பாட்டி. யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. சூப்பர் ஹீரோ படத்துக்கும் கையெழுத்தாகிவிட்டது. இனி உங்களுக்குப் பயமில்லை.

உங்கள் டேமியன்


மொனெசன்
16 செப்டம்பர் 2000

டேமியா,

உன் முகமா? புத்தி எங்கே போயிற்று? என் முகம் அவள் எப்போதோ ஒருமுறை பார்க்கிற முகம். உன் முகத்தை அவள் தினம் காலையில் பார்க்கவேண்டும். உடனே நிறுத்து. வேண்டுமானால் என்னையே வைத்துக்கொள்.

பாட்டி


லாஸ் ஏஞ்சல்ஸ்
2 அக்டோபர் 2000

பாட்டி, படம் பிடித்து முடித்தாயிற்று. வீணாகக் கவலைப்படாதீர்கள். அவள் என் மகள், என்னைத் தெரியாதா?

டேமியன்


மொனெசன்
8 ஜூலை 2002

அன்புள்ள டேமியனுக்கு,

மெரிடித்தும் டெஸாவும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் டெஸா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கழன்று வரவில்லை. "சரி" என்றாள். அன்றிலிருந்து என் பக்கத்திலேதான் படுக்கிறாள்.

உன் சூப்பர் ஹீரோ படத்துக்குப் போனோம். அவன் பாலத்தைத் தாங்கிப் பிடித்தபோது கை தட்டினாள். மறுநாள் டிவியில் நீ பேட்டி கொடுத்தாய். சட்டென்று என் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அவன் போயிட்டானா?"

"அது உங்கப்பாடி" என்றேன்.

"இல்ல. அப்பா மாதிரி மூஞ்சி போட்டிருக்கான்" என்றாள்.

வீட்டிலும் நீ உள்ளே வந்தால் அறையைச் சாத்திக்கொள்கிறாள் என்று மெரிடித் சொன்னாள். இரண்டாம் பாகம் வந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன் முகத்தை மாட்டிக்கொண்டு அவளைத் துரத்தினார்களாம். இதையெல்லாம் நீ எனக்கு எழுதவே இல்லை.

வருகிற வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். பகலில் வா. காரைத் தெருமுனையிலேயே விட்டுவிடு. ஓல்காவை வரச்சொல்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாமல் நின்று, அவளோடு கறியைப் பற்றியாவது சத்தமாகப் பேசு. படுக்கையில் அவளுக்குக் கதை சொன்ன குரல் அது. அதற்கு அவள் பயப்படுவதில்லை. "அப்பா" என்று அவளாகக் கூப்பிட்டால் கதவைத் திறப்பேன்.

கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. ரொட்டியை வேலிமேல் வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு போய், மறுநாளும் வந்து நில்.

உன் பாட்டி
லுட்மிலா